ஸ்பீக்கருக்குச் சமாதி கட்டிய வாத்தியாரின் பதில்

பதிவு கொஞ்சம் நீளம். ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேறென்ன வேலை என்று நினைப்பவர்கள் இப்போதே அடுத்த பதிவுக்குப் போய்விடலாம். கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப குரூப்பில் ஒரு போட்டோ போட்டிருந்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் பழைய ஸ்பீக்கர் பெட்டி இரண்டுக்கும் நானே செய்த ஸ்டாண்டு. நாலு ஹாலோ பிளாக் கல், நாலு கடப்பாக் கல் துண்டு, கிழிந்த சைக்கிள் ட்யூப். ஆட்டோ வாடகையோடு மொத்தம் 650 ரூபாய். அதைப் பார்த்துவிட்டு, கோயமுத்தூர் சரவணம்பட்டியில் இருக்கும் என் தங்கை மகன் எழுதினான்: "மாமா, ஸ்பீக்கருக்குச் சமாதி கட்டிட்டீங்களா?" கீழே இருபத்து மூன்று பேர் சிரித்திருந்தார்கள். அதில் என் சம்சாரமும் ஒருத்தி. சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. பார்த்தால் சமாதி மாதிரிதான் இருக்கிறது. "சாயங்காலம் ஒரு விளக்கு வெச்சுரட்டுங்களா?" என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.

என்னைக் குத்தியது அவன் அடுத்து எழுதியதுதான். "எதுக்கு மாமா இதெல்லாம்? நான் 9,500-க்கு ஒரு ஜோடி வாங்கினேன். உங்களுக்கும் ஆர்டர் போட்டுடறேன். இதெல்லாம் நாம செய்யற வேலையா?"

நாம செய்யற வேலையா. இந்த மூன்று வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு.

மாப்பிள்ளை, முதலில் உன் ஸ்டாண்டைப் பற்றியே பேசுவோம். போன மாதம் உன் வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன். நல்ல ஸ்டாண்டுதான், குறை சொல்லவில்லை. கனமான இரும்பு, நல்ல பெயிண்டு. ஆனால் அதை நீ எங்கே வைத்திருந்தாய்? இரண்டு மூலையிலும் சுவரோடு ஒட்டி, ஜன்னல் திரைக்குப் பின்னால் பாதி மறைந்து. பாட்டுப் போட்டால் அடித்தொண்டைச் சத்தம் மட்டும் குமுகுமுவென்று வந்தது, பாடுகிறவர் வாயில் துணி வைத்த மாதிரி இருந்தது. பக்கத்து ஃபிளாட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டியதாக நீயே சொன்னாய். நான் என்ன செய்தேன்? இரண்டையும் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். திரையை ஒதுக்கினேன். பெட்டியை உன் சோபாவைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பினேன். "அட, என்ன மாமா பண்ணுனீங்க?" என்று கேட்டாய். அதற்கு ஆன செலவு பூச்சியம். அந்த 9,500 ரூபாயும் அந்த ஒன்றரை அடியை உனக்குச் சொல்லித் தரவில்லையே, கண்ணு.

இதில் ஒன்றும் மந்திரமில்லை. உங்களுக்கெல்லாம் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான். வேகம் என்பது அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் வருவது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 100 ஹெர்ட்ஸ் உள்ள தாழ்ந்த ஒலிக்கு அலைநீளம் 3.4 மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் உள்ள உச்ச ஒலிக்கு வெறும் 3.4 சென்டிமீட்டர். பரீட்சையில் இதற்கு இரண்டு மார்க். எழுதி மார்க் வாங்கினீர்கள். இதன் அர்த்தம் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது என்று அன்றைக்கு நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

அர்த்தம் இதுதான். நீண்ட அலை எல்லாப் பக்கமும் பரவும், எதைச் சுற்றியும் வளைந்து போகும். தரை, இரண்டு சுவர் என மூன்றும் கூடும் மூலையில் பெட்டியை வைத்தால், எல்லாப் பக்கமும் பரவ வேண்டிய தாழ்ந்த ஒலி ஒரே பக்கமாகத் திரும்பி வரும். அதுதான் குமுகுமு. குட்டை அலை அப்படியில்லை. டார்ச் லைட் மாதிரி நேராகப் போகும். பெட்டியின் மேல்பாகத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்தான் அந்தக் குட்டை அலையை விடுகிறது. பெட்டியைத் தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குப் பாடும். பீரோவின் மேல் வைத்தால் மின்விசிறிக்குப் பாடும். காது உயரத்துக்கு வந்தால்தான் உங்களுக்குப் பாடும். ஷோகேஸில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தால் கதவும் சேர்ந்து பாடும்.

ஆகவே ஸ்டாண்டு செய்ய வேண்டிய வேலை மூன்றே மூன்று. பெட்டியைக் காது உயரத்துக்குத் தூக்க வேண்டும். சுவரைவிட்டுத் தள்ளி நிற்க விட வேண்டும். ஆடக் கூடாது. உள்ளே இருக்கும் கூம்பு முன்னால் தள்ளும்போதெல்லாம் பெட்டி பின்னால் உதைபடுகிறது, நியூட்டனின் மூன்றாம் விதி. கால் உறுதியாக இருந்தால் அந்த உதையைத் தாங்கும். நம் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவுக்குக் குதிரைச் சந்தை கூடுகிறதே, அங்கே குதிரை வாங்க வருகிறவர் முதலில் காலைத் தொட்டுப் பார்ப்பார். பிடரி முடியெல்லாம் அப்புறம்தான்.

இந்த மூன்று வேலையையும் என் சமாதி செய்கிறது. கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். நான் சோபாவில் உட்காருகிறவன் இல்லை. பவானி ஜமக்காளத்தை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் எனக்குப் பாட்டுக் கேட்ட மாதிரி இருக்கும். அப்படி உட்கார்ந்தால் என் காது தரையிலிருந்து 28 அங்குலம். என் பெட்டியில் சின்ன ஸ்பீக்கர், அடியிலிருந்து 9 அங்குலத்தில் இருக்கிறது. கழித்தால் 19. ஹாலோ பிளாக் கல் 16 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 8 அங்குல உயரம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கல் வைத்தால் 16. கீழே ஒரு கடப்பா, மேலே ஒரு கடப்பா, அங்குலத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு. நடுநடுவே சைக்கிள் ட்யூப் துண்டும் சேர்ந்தால் பதினெட்டரைக்கு மேல் வந்துவிடும். அரை அங்குலம் குறைந்தால் நான் கொஞ்சம் கூனி உட்கார்ந்துகொள்கிறேன், வயதாகிவிட்டதல்லவா.

கடையில் கிடைக்கிற ஸ்டாண்டெல்லாம் சோபாவில் உட்காருகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. ஜமக்காளத்தில் உட்காருகிறவனுக்கு எந்தக் கம்பெனியும் ஸ்டாண்டு செய்வதில்லை. அவனுக்கு அவன்தான் செய்துகொள்ள வேண்டும்.

கல்லின் பொந்தில் மணல் நிரப்பினேன். சும்மா கொட்டினால் ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் வீடெல்லாம் மணலாகும். எம்-சாண்டை வெயிலில் காயவைத்து, சலித்து, பால் கவரில் கட்டிக் கட்டித் திணித்தேன். இரண்டு கல்லுக்கும் நடுவே கொஞ்சம் சிமெண்டுப் பாலைத் தடவிவிட்டேன். பேரப்பிள்ளைகள் வரும் வீடு, இதில் அலட்சியம் கூடாது. அகலம் குறைந்த 4 அங்குலக் கல்லை வைத்து யாரும் இப்படிக் கட்டிவிடாதீர்கள், சாய்ந்துவிடும். முதல் நாளே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஆடினால் ட்யூபை மடித்து வையுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். குரூப்பில் வந்தவை, போனில் வந்தவை எல்லாம் சேர்த்து.

"காசு இருக்கு, வாங்கறேன். உங்களுக்கென்ன சார்?" ஒன்றுமில்லை, சாமி. சம்பாதிக்கிறாய், வாங்கு. கைவலியோடு இருப்பவர், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர், இரண்டு ஷிஃப்டு போகிறவர், எல்லோரும் வாங்கட்டும். என் சண்டை வாங்குகிறவனோடு இல்லை. செய்யவே முடியாது என்று நினைக்கிறவனோடு. அதைவிட, செய்வது கௌரவக் குறைவு என்று நினைக்கிறவனோடு.

"நேரம் எங்க சார் இருக்கு?" என் ஸ்டாண்டு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளை, நீ அந்த 9,500 ரூபாய் ஸ்டாண்டைத் தேர்ந்தெடுக்க மூன்று ராத்திரி விமர்சனம் படித்ததாக நீயே சொன்னாய். நேரம் இல்லாமல் இல்லை. எதில் போடுவது என்பதில்தான் பழக்கம் மாறிப் போயிருக்கிறது.

"பார்க்க நல்லா இல்லையே?" ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எண்பதுகளில் நம் ஊர் டீக்கடையிலும் சலூனிலும் பாட்டுக் கேட்டு நின்றவர்கள் எத்தனை பேர் இதைப் படிக்கிறீர்கள்? அங்கே ஸ்பீக்கர் எதில் இருந்தது? மண் பானையில். பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி, மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். கார்க்காரர்கள் கழற்றிப் போட்ட ஸ்பீக்கர்கூட அதில் அப்படிப் பாடும். ஏன் என்று யோசித்தீர்களா? ஸ்பீக்கர் முன்னால் ஒலியை விடும்போதே பின்னாலும் நேர் எதிராக விடுகிறது. வெறுமனே தொங்கவிட்டால் பின்னால் வருவது முன்னால் வருவதை அழித்துவிடும், தாழ்ந்த ஒலியே கேட்காது. பானை அந்தப் பின் ஒலியை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. வளைந்த சுவர் என்பதால் பலகை மாதிரி அதிர்ந்து தொலைக்காது. அந்தப் பானை உருளாமல் நிற்க அடியில் ஒரு பிரிமணை. வைக்கோலோ தேங்காய் நாரோ திரித்த வளையம். அதுவும் ஸ்டாண்டுதான். நம் ஆத்தாக்கள் நூற்றுக்கணக்கான வருடமாகப் பானைக்குச் செய்துகொண்டிருந்த ஸ்டாண்டு.

அந்தப் பானையை வைத்த ரேடியோ ரிப்பேர்க்காரர் எந்தக் காலேஜுக்கும் போகவில்லை. எங்கள் சிறுவயதில் பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் சாயங்காலம் ஊரே உட்கார்ந்திருக்கும். அதன் ஒலிபெருக்கி மக்கர் செய்தால் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறவர்தான் அன்றைக்கு எங்களுக்கு ஹீரோ. கோயமுத்தூர் ஜி.டி. நாயுடுவைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 1893-ல் பிறந்து 1974 வரை வாழ்ந்தவர். பள்ளிப்படிப்பு ஏறாதவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, ஓட்டுவதற்கு முன்னால் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிப் பார்த்துக் கற்றவர். பக்கத்திலேயே அப்படி ஒருவர் இருந்த சீமை இது. மோட்டார் பம்பும் லேத்துப் பட்டறையுமாக வளர்ந்த சீமை. இந்தச் சீமையில் பிறந்தவனுக்கு, இரண்டு கல்லை அடுக்கும் வேலை "நாம செய்யற வேலை" இல்லாமல் போனது எப்போது?

"எல்லோரும் வீட்டிலேயே செய்துகொண்டால் ஆசாரியின் பிழைப்பு என்னாகும்?" இது நல்ல கேள்வி. என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு பலகையை நீங்களே நேராக அறுத்துப் பாருங்கள். நேராக வராது. ரம்பம் ஒரு பக்கம் போகும், கோடு ஒரு பக்கம் போகும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். அதற்கப்புறம் ஆசாரி கூலி சொன்னால் நீங்கள் பேரம் பேச மாட்டீர்கள். வேலையே தெரியாதவன்தான் "இதுக்குப் போயி எண்ணூறு ரூபாயா?" என்று கேட்பான்.

அடுத்த கேள்வியைக் கேட்டவர் என் பழைய மாணவி, இன்றைக்கு அவரே ஆசிரியை. "சார், கைத்தொழில் கைத்தொழில்னு பேசறீங்க. இது குலக்கல்விக்குப் பல்லக்குத் தூக்கற பேச்சாயிடாதா?" கேட்டதற்கு நன்றி, அம்மிணி. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1953-ல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் செய்யும் தொழில். எதிர்ப்பு வெடித்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் எதிர்த்தது முழுக்கச் சரி. தச்சர் மகன் தச்சனாகவே இரு, துவைப்பவர் மகன் துவைத்துக்கொண்டே இரு என்று சொல்லும் எந்தத் திட்டத்தையும் நான் இன்றைக்கும் எதிர்ப்பேன். என் அப்பா தறி நெய்தவர். அந்தத் திட்டம் நீடித்திருந்தால் நான் வாத்தியாராகியிருப்பேனா என்பது சந்தேகம்.

ஆனால் நான் சொல்வது அதற்கு நேர் எதிர். தச்சர் மகன் கால்குலஸ் படிக்கட்டும். கலெக்டர் மகன் இழைப்புளி பிடிக்கட்டும். வக்கீல் மகள் மரை முறுக்கட்டும். 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி பேசிய ஆதாரக் கல்வியில் கைத்தொழில் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவானது. நாம் என்ன செய்தோம்? குலக்கல்வியை விரட்டினோம், சரி. அதோடு கைவேலையின் மரியாதையையும் சேர்த்து விரட்டிவிட்டோம். கைத்தொழில் பீரியடைக் கணக்குப் பீரியடுக்குக் கடன் கொடுத்தோம். கடனைத் திருப்பித் தரவேயில்லை. அந்தக் கடனை வாங்கியவர்களில் நானும் ஒருவன். என் வகுப்பு நூறு சதம் பாஸ் என்று மாலை போட்டுக்கொண்டவன்.

இப்போது என் மேலேயே உள்ள கோபத்துக்கு வருகிறேன்.

ஈரோட்டில் இருக்கும் என் மகள், போட்டோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. சமாதி வேண்டாம், சோபாவுக்கு ஏத்த மாதிரி" என்றாள். சோபாவில் உட்கார்ந்தால் அவள் காது 38 அங்குலம். ஒன்பதைக் கழித்தால் ஸ்டாண்டு 29 அங்குலம் வேண்டும். அதற்கு வேறு வழி. 4 அங்குல பிவிசி குழாய் இருபத்தேழரை அங்குலத்தில் இரண்டு. முக்கால் அங்குலப் பலகை கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழ்ப்பலகை 12-க்கு 14, மேல்பலகை 7-க்கு 9. நடுவே குழாய்க்குள் ஒரு த்ரெட் ராடு விட்டு, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு நட்டை முறுக்கினால் மூன்றும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். மேல்பலகையைப் பூட்டுவதற்கு முன்னால் குழாய் நிறையக் காய்ந்த மணல். ஒரு குழாய்க்கு ஒன்பது கிலோ பிடிக்கும். ஈர மணலைப் போட்டால் ராடு துருப்பிடிக்கும், ஞாபகம்.

பலகைக்கு மிச்சத் துண்டு கிடைக்குமா என்று கேட்கத் தவிட்டுப்பாளையம் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். அதை நடத்துகிறவர் என் பழைய மாணவர். பெயர் சொல்லவில்லை, அவருக்கு அது பிடிக்காது.

"வாங்க சார். ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்களே" என்று எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் படம் போட்ட காகிதத்தைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். "அடிப்பலகைக்கு நாலு மூலையிலும் குமிழ் வெக்காதீங்க சார். மூணு வையுங்க. மூணு காலுன்னா தரை எப்படியிருந்தாலும் ஆடாதுங்க. முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. பலகை அகலமா இருக்கறதால சாயாதுங்க."

அந்த "மூணு கால்" என்ற வார்த்தையில் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது.

1993 என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்து ரேடியோ ஒரு ஆட்டம் கண்ட டெஸ்க்கின் மேல் இருக்கும். கொரகொரவென்று அதிரும். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் ரேடியோ ஒரு முக்காலியின் மேல் இருக்கிறது. உடைந்த பெஞ்சுக் கால்களை வைத்து, ஒரு ஆணி இல்லாமல், துளையில் பொருத்தி அடித்த முக்காலி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்தது. அதைச் செய்வதற்காக அவன் முந்தின நாள் கணக்குத் தேர்வுக்கு வரவில்லை. நான் என்ன செய்தேன்? நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க வைத்து, "நீ இழைப்புளி தள்ளத்தாண்டா லாயக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. என் சமாதி போட்டோவுக்குச் சிரித்த மாதிரி இல்லை அது.

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் இருக்கும், நாலாவது புள்ளி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதனால்தான் முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். அன்றைக்கு நான் நடத்த வேண்டிய பாடம் அந்த முக்காலியில் இருந்தது. செய்தவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். "ஏன்டா மூணு கால் வெச்சே?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அறிவியல் வாத்தியார் நான் கேட்கவில்லை.

அவர் பத்தாம் வகுப்பில் தேறவில்லை. பட்டறைக்குப் போனார். இன்றைக்கு அந்தியூரிலும் பவானியிலும் அவர் கை பட்ட கதவும் கட்டிலும் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன.

போன வாரம் பலகையை அறுத்துக்கொண்டே அவர் சிரித்தபடி சொன்னார்: "நீங்க அன்னைக்குச் சொன்னது பலிச்சுருச்சுங்க சார்." குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே அதை ஒரு வாக்குப் போல வைத்திருந்தார். எனக்கு நாக்கு எழவில்லை. பேச்சை மாற்ற, "பையன் உதவிக்கு வருவானா?" என்று கேட்டேன். இழைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவனை நான் உளியைத் தொடவே விடறதில்லீங்க சார். சின்னதுல ஒருக்கா கொட்டாப்புளியை எடுத்தான், கையிலயே போட்டேன். அவனாச்சும் நல்லா வரட்டுமுங்க."

நல்லா வரட்டும். முப்பது வருடமாகப் பாதி ஊருக்குக் கதவு செய்தவர், தான் நல்லா வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நினைப்பை அவர் மனதில் வைத்தது யார்? நான்தான். நான் மட்டுமா? இந்தப் பதிவைப் படிக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் ரிட்டயர்டு ஆனோம்? படிக்காவிட்டால் மாடு மேய்ப்பாய். படிக்காவிட்டால் தறிக்குழியில் உட்காருவாய். படிக்காவிட்டால் மண் சுமப்பாய். மாடு மேய்க்கிறவர், தறி நெய்கிறவர், மண் சுமக்கிறவர் பெற்ற பிள்ளைகளைப் பார்த்தே சொன்னோம். பெற்றவர்கள் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள், நாம் உள்ளே அவர்களைக் கேவலப்படுத்திக்கொண்டிருந்தோம். படி என்று சொல்வதற்கு இன்னொருவர் வேலையை இழிவுபடுத்த வேண்டியதில்லை. எனக்கு அது புரிய அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை, "நாம செய்யற வேலையா" என்று நீ கேட்டாயே, அது உன் வார்த்தை இல்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்தது. அதனால் உன்மேல் உள்ள கோபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேள்வியை விடமாட்டேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பலகையை மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே, "அதுக்கென்னங்க சார், வாத்தியாரு சொல்றதுதானுங்களே" என்றார். அந்தப் பதிலோடு நான் வீட்டுக்கு வந்தேன். கூலி வேண்டாம் என்றார். 500 ரூபாயை மேஜை மேல் வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டால்தான் அடுத்த தடவை வருவேன் என்று சொல்லிவிட்டேன். குழாய், பலகை, ராடு, பெயிண்டு, அவர் கூலி எல்லாம் சேர்த்து மகளுக்கு ஆன செலவு 1,400 ரூபாய். மூணு குமிழ்தான் வைத்தோம். ஆடவில்லை.

இனி, உங்களிடம் கேட்பது இரண்டு.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். எந்த வாக்கியம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வகுப்பில் தேர்வு எழுதாமல் எதையோ செய்துகொண்டு வருகிற பையனிடமோ பெண்ணிடமோ, திட்டுவதற்கு முன்னால் "இதை ஏன் இப்படிச் செஞ்சே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். திட்ட வேண்டியிருந்தால் அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

மற்றவர்கள், இந்த லீவில் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டுக்கு ஒரு பொருள் செய்யுங்கள். ஸ்பீக்கர் ஸ்டாண்டு என்றுதான் இல்லை. செடிச் சட்டிக்கு முக்காலி, புத்தகத்துக்குப் பலகை, எதுவாகவும் இருக்கட்டும். அளக்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கோணலாக வந்தால் வரட்டும். முடியாத இடத்தில் உங்கள் ஊர் ஆசாரியிடம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள்.

போட்டோவைக் கீழே போடுங்கள். சமாதி, சுமைதாங்கிக் கல், எது மாதிரி இருந்தாலும் நான் சிரிக்க மாட்டேன். கொஞ்சம் சிரித்தாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாப்பிள்ளை, ஆடி நோம்பிக்கு வரும்போது ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் போ. பெட்டி உன் காதுக்கு நேராக இருக்கும். அடுத்த நாள் காலையில் உன்னைத் தவிட்டுப்பாளையம் பட்டறைக்குக் கூட்டிப் போகிறேன். அவர் மகனும் லீவில் வந்திருப்பான். அவனுக்கு அந்த முக்காலிக் கதையை அவன் அப்பா எதிரிலேயே நான் சொல்ல வேண்டும். நாற்பது பேருக்கு முன்னால் சொன்னதை இரண்டு பேருக்கு முன்னாலாவது திருத்திச் சொல்கிறேன்.